செம்பும் கடலும்: வெண்கலக் கால சைப்ரஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில், கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு தொடங்கி கி.மு. 1000 வரையான காலத்தில் செம்பும் வெண்கலமும் பின்னர் இரும்பும் எவ்வாறு கையாளப்பட்டன, அதே காலத்தில் கடல் வழியாக அத்தீவுக்கு யார் யாருடன் உறவு ஏற்பட்டது என்பது பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மலையில் தாது கிடந்த காரணத்தால் மட்டும் ஒரு சமூகம் உலோகச் சமூகமாகிவிடுவதில்லை. சைப்ரஸ் மக்களைப் பொறுத்தவரை கடல் கடந்து வந்த மனிதர்களும், கடல் கடந்து காத்திருந்த தேவையும்தான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன என்பது இந்த விடைகளின் அடிப்படைக் கருத்து.

சைப்ரஸ் தீவில் அவ்வளவு செம்பு எப்படி வந்தது?

தீவின் நடுவில் எழுந்து நிற்கும் ட்ரூடோஸ் மலைத்தொடர் ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாக இருந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடலடியில் பிளவுகளின் வழியே கொதித்து வெளிவந்த கனிம நீர், செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்த படிவுகளை அங்கே விட்டுச் சென்றது. பின்னர் அந்தக் கடலடித்தரை முழுவதுமாக மேலெழும்பி மலையாயிற்று. எனவே செம்புத் தாது மலையின் உச்சியில் அல்ல, அடிவாரத்தைச் சுற்றி வளையமாக அமைந்த எரிமலைக் குழம்புப் பாறைகளில் கிடைக்கிறது. அந்தப் பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்த இடங்களில் மண் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக நிறம் மாறிக் கிடக்கும். இடையிடையே பச்சையும் நீலமுமாகச் செம்பின் தடயம் தெரியும். தாது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறியப் பழங்காலத்தவருக்கு மண்ணின் நிறமே போதுமானதாக இருந்தது. தாதுவுக்கு அருகிலேயே பைன் மரக் காடும் ஓடை நீரும் இருந்தது இத்தீவுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை.

தாது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அத்தீவினர் ஏன் தொடக்கத்திலேயே உலோகத்துக்கு வரவில்லை?

என் பார்வையில், இந்தப் பக்கத்திலேயே முதன்மையான கேள்வி இதுதான். சைப்ரஸில் கி.மு. 9ஆம் ஆயிரமாண்டு முதலே வேளாண் குடியிருப்புகள் இருந்தன. கி.மு. 7ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த கிரோகிதியாவின் வட்டக் கல்வீடுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆனாலும் பல ஆயிரம் ஆண்டுகள் அம்மக்கள் கல்லாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆன கருவிகளைக் கொண்டே தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொண்டனர். கி.மு. 4ஆம் ஆயிரமாண்டில்தான் எரிமி, கிசோனெர்கா போன்ற தென்மேற்கு ஊர்களில் சிறிய உளியும் கொக்கியும் ஊசியுமாக முதல் செம்புப் பொருள்கள் தலைகாட்டுகின்றன. அவையும் மிகச் சில. அக்காலத்து மக்கள் உயர்வாகக் கருதிய பொருள் பிக்ரோலைட் எனப்படும் பச்சை நிற மென்கல். அதில் கை விரித்து நிற்கும் சிறு மனித உருவங்களைச் செதுக்கிக் கழுத்தில் அணிந்தனர்.

கி.மு. 2400ஐ ஒட்டிய காலத்தில், தொல்லியலாளர்கள் ஃபிலியா கட்டம் என்று குறிப்பிடும் காலப்பகுதியில், நிலைமை திடீரென மாறுகிறது. செம்பாலான கத்திகள், ஈட்டி முனைகள், கோடாரிகள், காதணிகள் கல்லறைகளில் தொகையாகக் கிடைக்கத் தொடங்குகின்றன. அவற்றுடன் ஏர் உழவு, கழுதை, நீண்ட காலமாகத் தீவில் இல்லாதிருந்த மாடு, புதிய வகைத் தக்களிச் சில்லுகள், நீள்சதுர வீடுகள், அனதோலியாவின் (இன்றைய துருக்கி) பாணியை ஒத்த மண்பாண்டங்கள் ஆகியனவும் வந்து சேர்கின்றன. இது அனதோலியாவிலிருந்து மக்கள் குடியேறியதன் விளைவு என்று ஒரு தரப்பினரும், தீவினரே வெளித்தொடர்பின் வழியாக இவற்றைத் தேர்ந்து ஏற்றுக்கொண்டனர் என்று மற்றொரு தரப்பினரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். சமைக்கும் முறை, நூல் நூற்கும் முறை, உழும் முறை ஆகிய வீட்டுப் பழக்கங்கள் அனைத்தும் ஒரே காலத்தில் மாறியிருப்பதைப் பார்க்கும்போது, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து தீவினருடன் கலந்தனர் என்ற கருத்தே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. வணிகப் பொருளை ஒரு படகில் அனுப்பிவிடலாம். மாவைப் பிசையும் கைப்பழக்கத்தையும் உலையின் நெருப்பைக் கண்ணால் மதிப்பிடும் அறிவையும் மனிதர்கள்தாம் சுமந்து வர வேண்டும்.

தொடக்ககாலச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் நேரடிச் சான்று உண்டா?

உண்டு. 1942இல் அம்பெலிக்கூ என்னும் இடத்தில் நவீனச் சுரங்கப் பணியின்போது பழைய சுரங்க வழி ஒன்று வெளிப்பட்டது. அதன் உள்ளே கிடந்த பானைகளைக் கொண்டு, ஏறத்தாழ கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்திலேயே அங்கே நிலத்தடியில் தாது வெட்டப்பட்டது என்று தெரிய வந்தது. சைப்ரஸ் தொல்லியலாளர் போர்ஃபிரியோஸ் திகாயோஸ் அருகிலிருந்த குடியிருப்பையும் அகழ்ந்தார். தீவின் வடகரையில் உள்ள லபிதோஸ், வூனூஸ் ஊர்களின் கல்லறைகளில் இதே காலப்பகுதியைச் சேர்ந்த செம்பு, வெண்கல ஆயுதங்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அனதோலியக் கரையை நோக்கி அமைந்த ஊர்களில் இவை குவிந்திருப்பது தற்செயலானது அன்று.

இதற்குப் பிந்திய, ஆனால் இன்னும் தெளிவான சான்று பொலிட்டிகோ-ஃபொராதெஸ் என்னும் ஓடைக்கரையில் கிடைத்தது. கி.மு. 1600ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த உருக்குமிடம் அது. அங்கே வீடுகள் இல்லை, கல்லறைகள் இல்லை. உடைந்த உலைச் சுவர்களும், துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்களும், கசடும் மட்டுமே கிடைத்தன. ஓடையின் நீருக்கும் தாதுவுக்கும் விறகுக்கும் அருகில், தொழிலுக்கென்றே தேர்ந்துகொண்ட இடம் அது.

கந்தகம் கலந்த தாதுவிலிருந்து செம்பை எப்படிப் பிரித்தெடுத்தனர்?

மேற்பரப்பில் கிடைக்கும் பச்சை நிறச் செம்புத் தாதுவை மரக்கரியோடு சேர்த்து நன்கு சூடாக்கினாலே உலோகம் கிடைத்துவிடும். ஆனால் சைப்ரஸின் பெரும் செல்வம் அடியில் இருந்த கந்தகத் தாதுதான். அதில் செம்பைவிட இரும்பும் கந்தகமும் பன்மடங்கு மிகுதி. அதைக் கையாள ஒரே உருக்கல் போதாது. பல கட்டங்களில் வேலை நடந்தாக வேண்டும்.

முதலில் தாதுவைக் கல் சுத்தியலால் உடைத்து, நல்ல துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுத்தனர். பின்னர் விறகடுக்கின் மேல் குவித்துத் திறந்தவெளியில் மெதுவாக வறுத்தனர்; கந்தகத்தின் ஒரு பகுதி மூச்சை அடைக்கும் புகையாக வெளியேறியது. வறுத்த தாதுவை மரக்கரியுடனும், கசடு இளகி ஓட உதவும் மணல் அல்லது மாங்கனீசு கலந்த மண்ணுடனும் களிமண் உலையில் இட்டு, துருத்தியால் காற்றூதி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பத்தை ஏற்றினர். அந்த வெப்பத்தில் இரும்பு மணலோடு சேர்ந்து கசடாக மாற, செம்பும் மீதமுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனமான இடைநிலைப் பொருள் ஒன்று உருவாயிற்று. அதை மீண்டும் வறுத்து, மீண்டும் உருக்கி, படிப்படியாகவே தூய செம்பை அடைந்தனர்.

ஃபொராதெஸில் கிடைத்த கசடுகளைக் கூர்ந்து நோக்கினால் அந்த உலையாளர்களின் செய்முறையே கண்முன் விரிகிறது. அவை பெரிய வட்ட அடைகளாக உள்ளன. மேற்புறம் தட்டையாகவும் கீழ்ப்புறம் குழிந்தும் இருக்கின்றன. உலையைத் திறந்து உருகிய குழம்பை முழுவதுமாக அருகிலிருந்த குழிக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள். கனமான செம்புக் கலவை அடியில் தங்கிற்று. இலேசான கசடு மேலே மிதந்து உறைந்தது. ஆறிய பிறகு கசடைத் தட்டிப் பெயர்த்து எறிந்துவிட்டு, அடியில் இருந்ததை எடுத்துச் சென்றனர். கசடின் அடியில் உள்ள குழிவு, அங்கிருந்து போன செம்புக் கலவை விட்டுச்சென்ற அச்சு. அது மேலும் தூய்மைப்படுத்தப்படுவதற்காக வேறிடம் போயிருக்க வேண்டும். ஏனெனில் இறுதிக் கட்ட வேலைக்கான தடயங்கள் இந்த ஓடைக்கரையில் இல்லை. மலையடிவாரத்தில் உருக்குவது, கடலோர நகரங்களில் தூய்மைப்படுத்தி வார்ப்பது என்ற வேலைப் பிரிவினை உருவாகியிருந்தது என்பதை இது காட்டுகிறது. தீவின் உட்பகுதியையும் துறைமுகத்தையும் ஒரே சங்கிலியில் கட்டியது இந்தப் பிரிவினையே.

இதனால் தீவின் காடுகள் அழிந்துபோயினவா?

தீவு முழுவதிலும் பழங்காலத்தவர் விட்டுச்சென்ற கசடு ஏறத்தாழ 40 இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் பெரும்பகுதி வெண்கலக் காலத்துக்குப் பின்னர், குறிப்பாக ரோமானியர் காலம் வரை சேர்ந்தது. இதிலிருந்து 2 இலட்சம் டன் செம்பு எடுக்கப்பட்டிருக்கலாம் என்றும், ஒரு கிலோ செம்புக்கு 300 கிலோ மரக்கரி செலவாகியிருக்கும் என்றும் வைத்துக்கொண்டு, தீவின் பரப்பைப்போல் 16 மடங்கு காடு வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 1980களில் கணக்கிட்டனர். மரக்கரியின் அளவு இதில் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் அந்தக் கணக்கைப் பாதியாக, கால்பங்காகக் குறைத்தாலும், காடு மீண்டும் மீண்டும் வளர இடம் கொடுக்காமல் இத்தொழில் இத்தனை நூற்றாண்டுகள் நீடித்திருக்க முடியாது.

ஆட்டுத்தோல் வடிவப் பாளம் என்பது என்ன?

மாட்டுத்தோல் வடிவம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். நான்கு மூலைகளும் நீண்டு, நடுப்பகுதி சற்று உள்வாங்கிய நீள்சதுரமான செப்புப் பாளம் இது. உரித்து விரித்த தோலைப்போல் இருப்பதால், ஒரு மாட்டின் விலைக்கு ஈடாக இதை வார்த்தனர் என்று முற்கால அறிஞர்கள் எண்ணினர். இன்று அந்த விளக்கத்தை ஏற்பவர் இல்லை. மூலைகள் தூக்குவதற்கும் விலங்கின் முதுகில் கட்டுவதற்கும் வசதியான பிடிகள் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எகிப்தின் தீப்ஸில் உள்ள அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்தில், சிரியாவிலிருந்து வந்தவர்கள் இத்தகைய பாளங்களைத் தோளில் சுமந்து வருவதைக் காணலாம்.

ஒரு பாளத்தை அருகில் வைத்துப் பார்த்தால், அச்சில் பட்ட அடிப்பக்கம் ஓரளவு வழவழப்பாகவும், காற்றுப் பட்ட மேற்பக்கம் கொப்புளம் கொப்புளமாகவும் இருப்பது தெரியும். உருகிய செம்பிலிருந்து வெளியேறிய வாயு அந்தக் கொப்புளங்களை உண்டாக்கியது. உட்புறமும் நுண்துளைகள் நிறைந்தது. செம்பு மிகத் தூயது. ஆனால் துளைகளின் காரணமாகப் பாளம் எளிதில் உடையும். வாங்கியவர் தம் தேவைக்கேற்ப உடைத்து உருக்கிக்கொள்ள அது உதவியது. பல பாளங்களில் உளியால் வெட்டிய குறிகள் காணப்படுகின்றன. அவற்றுள் சில சைப்ரஸின் எழுத்துகளை ஒத்தவை. இத்தகைய பாளங்களை வார்ப்பதற்குரிய கல் அச்சு ஒன்றே ஒன்று கிடைத்துள்ளது. அதுவும் சைப்ரஸில் அன்று. எதிர்க்கரையில், சிரியாவின் ராஸ் இப்ன் ஹானியில்.

அவை சைப்ரஸ் செம்புதான் என்று எப்படி உறுதி செய்தனர்?

செம்புத் தாதுவில் மிகச் சிறிதளவு ஈயமும் கலந்திருக்கும். அந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடையில் வேறுபடும் ஈய அணு வகைகள் கலந்திருக்கும் விகிதம், ஒவ்வொரு தாதுப் படிவுக்கும் வேறுபடும்; உருக்கினாலும் அது மாறுவதில்லை. இந்த அடிப்படையில் நோயெல் கேலும் சோஃபியா ஸ்டோஸ்-கேலும் நடத்திய ஆய்வுகள், கி.மு. 1400க்குப் பிந்திய பாளங்களில் மிகப் பெரும்பாலானவை சைப்ரஸின் வடமேற்கில் உள்ள அப்லிகி பகுதித் தாதுவோடு பொருந்துகின்றன என்று காட்டின. கிரீட் தீவின் ஹாகியா த்ரியதாவில் கிடைத்த, அதற்கு முற்பட்ட 19 பாளங்கள் சைப்ரஸ் செம்போடு பொருந்தவில்லை என்பதும் இதே ஆய்வில் தெரிய வந்தது. எனவே பாளத்தின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தாயகத்தைச் சொல்லிவிட முடியாது. இவ்வளவு செம்பு ஒரே சுரங்கப் பகுதியிலிருந்து வந்திருக்குமா என்று ஐயம் எழுப்பியவர்களும் உண்டு. பல இடத்துச் செம்பு கலந்து உருக்கப்பட்டதால் விகிதங்கள் சராசரியாகியிருக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

அப்லிகியில் 1938-39இல் ஜோன் டு ப்ளாட் டெய்லர் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை அகழ்ந்தார். தீப்பிடித்து இடிந்த வீடுகளுக்குள் சேமிப்புத் தாழிகள், தானியம், ஒலிவக் கொட்டைகள், துருத்திக் குழாய்கள், கசடு ஆகியன புதையுண்டு கிடந்தன. அரசர்களின் கடிதங்களில் எண்ணிக்கையாக மட்டும் வரும் செம்பு, இந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் கைகளின் வழியாகத்தான் புறப்பட்டது.

அலாஷியா என்பது சைப்ரஸ்தானா?

பழைய அரசு ஆவணங்களில் செம்பு தரும் நாடாக வரும் பெயர் அலாஷியா. அது சைப்ரஸ்தான் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிரியாவின் மாரி நகர ஆவணங்களிலேயே அலாஷியாவின் செம்பு பேசப்படுகிறது. 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களுள் எட்டு, அலாஷியாவிலிருந்து சென்றவை. அவற்றின் களிமண்ணை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு, அது ட்ரூடோஸ் மலையின் தென் விளிம்பைச் சேர்ந்த மண் என்று கூறியது. இதன் பிறகு ஐயத்துக்கு அதிக இடமில்லை.

அக்கடிதங்கள் படிக்கத் தகுந்தவை. அலாஷியாவின் அரசர் எகிப்தின் பாரோவைத் தலைவர் என்று விளிக்காமல் உடன்பிறந்தார் என்றே விளிக்கிறார். அக்காலப் பேரரசர்கள் தமக்குச் சமமானவர்களை அழைத்த முறை அது. ஒரு கடிதத்தில் 500 என்ற அளவில் செம்பு அனுப்பியிருப்பதாகவும், அது குறைவென்று மனத்தில் கொள்ள வேண்டாம் என்றும் எழுதுகிறார். நெர்கல் கடவுளின் கை தம் நாட்டின் மேல் விழுந்து ஆட்களைக் கொன்றுவிட்டதால் செம்பு எடுக்க எவரும் இல்லை என்று காரணம் சொல்கிறார். எகிப்தின் தூதர் மூன்று ஆண்டுகள் தங்க நேர்ந்ததற்கும் அதே காரணத்தையே கூறுகிறார். கொள்ளைநோயைத்தான் அவர் இவ்வாறு குறிப்பிடுகிறார். 500 என்பதன் அலகு எழுதப்படவில்லை. தாலந்து என்று கொண்டால் ஏறத்தாழ 14 டன். ஷெக்கல் என்று கொண்டால் 5 கிலோகூட வராது. பதிலுக்கு வெள்ளியும் நறுமண எண்ணெயும் மாடும், பறவைகளைக் கொண்டு குறி சொல்லும் ஒருவரும் வேண்டும் என்று அவர் கேட்கிறார். வேறொரு கடிதம், இவர்கள் என்னுடைய வணிகர்கள், இவர்களிடம் எவரும் எதையும் கோராதிருக்கச் செய்ய வேண்டும் என்கிறது. நம் காலத்துச் சுங்க விலக்குக் கோரிக்கைக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை.

கப்பல்கள் எவற்றை ஏற்றிச் சென்றன?

1982இல் துருக்கியின் தென்கரையில், கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைக் கடலடியில் கண்டதாகச் சொன்னார். அந்தச் சொல்லிலிருந்துதான் உலுபுருன் கப்பல் வெளிச்சத்துக்கு வந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கிய அக்கப்பலை, ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் தலைமை தாங்கிய குழுவினர் 1984 முதல் 1994 வரை அகழ்ந்தனர். அது 40 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்ததால், 22,000க்கும் மேற்பட்ட முறை மூழ்க வேண்டியிருந்தது.

அதன் சரக்கில் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் செய்வதற்கு ஏறத்தாழ 10 பங்கு செம்புக்கு 1 பங்கு வெள்ளீயம் தேவை என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே பயணத்தில் 11 டன் வெண்கலத்துக்கான மூலப்பொருள் சென்றுகொண்டிருந்தது என்பது புரியும். தோல் வடிவப் பாளங்கள் மட்டும் 354. அவற்றைக் கப்பலின் அடியறையில் நான்கு வரிசைகளாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிய அடுக்கியிருந்தனர். கப்பலின் பலகை தேயாமலிருக்க அடியில் சுள்ளிகளைப் பரப்பியிருந்தனர். இவற்றோடு கருநீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலிக் கட்டைகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், பிசின் நிறைந்த கானானிய சாடிகள், பால்டிக் கரையின் அம்பர் மணிகள், எகிப்திய அரசி நெஃபர்தித்தியின் பெயர் பொறித்த பொன் முத்திரை, மடித்து மூடும் மர எழுதுபலகை ஆகியன இருந்தன. பெருந்தாழிகளுக்குள் சைப்ரஸின் கிண்ணங்களையும் விளக்குகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தனர்.

வெள்ளீயம் சைப்ரஸில் கிடையாது. எனவே வெண்கலம் என்ற உலோகமே தொலைதூர உறவின் விளைபொருள்தான். உலுபுருனின் வெள்ளீயத்தில் ஒரு பகுதி மத்திய ஆசியாவிலிருந்தும் மற்றொரு பகுதி அனதோலியாவின் டாரஸ் மலையிலிருந்தும் வந்தது என்று 2022இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. அது இன்னும் விவாதத்தில் உள்ளது.

கி.மு. 1200ஐ ஒட்டிய கெலிடோன்யா முனைக் கப்பல் இதைவிடச் சிறியது. 1960இல் அதை அகழ்ந்ததே, தொல்லியலாளர்கள் தாமே நீருக்குள் இறங்கி ஒரு பழங்காலக் கப்பலை முழுமையாக அகழ்ந்த முதல் நிகழ்வு. அதில் பாளங்களோடு உடைந்த வெண்கலக் கருவிகளும் கல் சுத்தியல்களும் எடைக்கற்களும் கிடைத்தன. அரசர்களுக்கிடையே செல்லும் பரிசுக் கப்பல் அன்று அது. துறைக்குத் துறை பழைய உலோகத்தை வாங்கி விற்றவர்களின் கப்பல்.

தீவை ஒரே அரசர் ஆண்டாரா?

கடிதங்கள் ஓர் அரசரைக் காட்டுகின்றன. மண் அவ்வாறு காட்டவில்லை. கிரீட்டின் நோசோஸ் போன்ற பேரரண்மனை எதுவும் சைப்ரஸில் அகழப்படவில்லை. மாறாக என்கோமி, கிட்டியோன், ஹாலா சுல்தான் டெக்கே, கலவாசோஸ், மரோனி, அலாசா எனப் பல நகரங்கள் கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் தனித்தனியே செழித்தன. கலவாசோஸின் செதுக்குக்கல் கட்டடத்தில் பெருந்தாழிகள் வரிசையாக நின்ற ஒலிவ எண்ணெய்க் கிடங்கு இருந்தது. செம்புச் சுரங்கங்களும் அருகிலேயே இருந்தன. சுரங்கத்தில் உழைப்பவர்களுக்கு எண்ணெயும் தானியமும் சென்றிருக்கும், அங்கிருந்து செம்பு வந்திருக்கும் என்பது இயல்பான ஊகம். ஒவ்வொரு நகரமும் தனக்குரிய மலைப்பகுதியையும் துறையையும் கையில் வைத்திருந்தது என்றும், எகிப்துக்கு எழுதியவர் அவர்களுள் ஒருவர் அல்லது அவர்கள் அனைவருக்கும் மேலானவர் என்றும் இருவகையாக விளக்குகின்றனர். முதல் விளக்கமே சான்றுகளோடு நெருங்கி நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

கோயிலுக்கும் உலைக்கும் என்ன தொடர்பு?

கிட்டியோனில் வாசோஸ் கராயோர்கிஸ் நடத்திய அகழாய்வில், கோயில்களை ஒட்டியே செம்புப் பட்டறைகள் அமைந்திருந்ததும், கோயிலிலிருந்து பட்டறைக்கு நேராகச் செல்ல வழியிருந்ததும் தெரிந்தது. கோயிற்சுவர் ஒன்றில் யாரோ கப்பல் உருவங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். தெய்வம், உலோகம், கடல் மூன்றும் ஒரே வளாகத்தில் சந்தித்தன.

என்கோமியில் 1963இல் கண்டெடுக்கப்பட்ட 35 சென்டிமீட்டர் உயர வெண்கலச் சிலை இந்த உறவை இன்னும் நேரடியாகக் காட்டுகிறது. கொம்பு வைத்த தலைக்கவசமும், ஈட்டியும், வட்டக் கேடயமும், முழங்கால் கவசமும் தரித்த தெய்வம் அது. அதன் பாதங்கள் பதிந்திருக்கும் பீடம் ஒரு தோல் வடிவப் பாளம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள பெண் உருவம் ஒன்றும் அதேபோல் பாளத்தின் மேல் நிற்கிறது. உலோகத் தொழில் கோயிலின் உடைமையாக இருந்ததா, கோயிலின் பாதுகாப்பில் இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விற்பனைச் சரக்கின் வடிவத்தையே தெய்வத்தின் பீடமாக்கிய சமூகத்துக்குச் செம்பு எத்தகைய பொருளாக இருந்தது என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

கடல் வழியாக உலோகம் தவிர வேறென்ன வந்தது, போனது?

எழுத்து வந்தது. கி.மு. 16ஆம் நூற்றாண்டில் கிரீட்டின் எழுத்தை ஒட்டி உருவான சைப்ரோ-மினோவன் எழுத்தைத் தீவினர் களிமண் உருண்டைகளிலும் பானைகளிலும் பாளங்களிலும் எழுதினர். அது இன்றுவரை படிக்கப்படவில்லை. மைசீனியக் கிரேக்கர்களின் தேர் ஓவியம் தீட்டிய பெருங்கலங்கள், கிரேக்கத்தின் அர்கோலிட் பகுதியில் செய்யப்பட்டும், மிகுதியாகக் கிடைப்பது சைப்ரஸ் கல்லறைகளில்தான். தீவினரின் விருப்பமறிந்து செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஹாலா சுல்தான் டெக்கேயின் கல்லறைகளில் எகிப்தின் பொருள்களும், ஆப்கானிஸ்தானின் நீலக்கல்லும், இந்தியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன.

தீவிலிருந்து போனவற்றுள் வளையடிக் குடுவைகள் எனப்படும் சிறு கலங்கள் எகிப்து வரை பரவின. தலைகீழாகப் பிடித்தால் அவை கசகசாச் செடியின் காய்போல் தோன்றுவதால், அவற்றில் அபின் சென்றிருக்கலாம் என்று 1962இல் ராபர்ட் மெரிலீஸ் கூறினார். 2018இல் அத்தகைய குடுவை ஒன்றின் எச்சத்தில் அபின் சார்ந்த வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டன. எல்லாக் குடுவைகளும் அதற்கே பயன்பட்டன என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது.

மேற்கே இத்தாலியின் சார்டினியா தீவில் நிகழ்ந்தது மிகவும் வியப்புக்குரியது. அத்தீவிலும் செம்புத் தாது உண்டு. எனினும் அங்கே முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கிடைத்துள்ள தோல் வடிவப் பாளங்கள் சைப்ரஸ் செம்போடு பொருந்துகின்றன. பாளத்தோடு சைப்ரஸ் பாணி இடுக்கியும் கரியள்ளும் கரண்டியும் சுத்தியலும், முக்காலிப் பீடங்களின் வடிவமும் அங்கே சென்றன. இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் மெழுகு வார்ப்பு முறையும் சைப்ரஸிலிருந்துதான் சார்டினியாவுக்குச் சென்றிருக்கும் என்று பலர் கருதுகின்றனர். உறவு ஒருவழியாகவும் இல்லை. சார்டினியாவின் மண்பாண்டங்கள் சைப்ரஸின் பைலா-கொக்கினோக்ரெமோஸ் குடியிருப்பில் கிடைத்துள்ளன. தன்னிடம் தாது இருந்தும் வெளிச் செம்பை வாங்கியது ஏன் என்ற கேள்விக்கு, வாங்கப்பட்டது செம்பு மட்டுமன்று, செம்போடு வந்த மனிதர்களும் தொழிலறிவும்தான் என்பதே பொருத்தமான விடை. ஃபிலியா காலத்தில் சைப்ரஸுக்கு நேர்ந்ததை, ஆயிரம் ஆண்டுகள் கழித்து சைப்ரஸ் வேறொரு தீவுக்குச் செய்தது.

கி.மு. 1200இன் பேரழிவில் சைப்ரஸுக்கு என்ன நேர்ந்தது?

அனதோலியாவின் ஹிட்டைட் பேரரசும் சிரியக் கரையின் உகரித் நகரமும் கிரேக்கத்தின் மைசீனிய அரண்மனைகளும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்தில் வீழ்ந்தன. உகரித்தின் இறுதிக் காலக் கடிதங்களில், அதன் அரசர் அலாஷியாவின் அரசரைத் தந்தையே என்று விளித்து, பகைவரின் கப்பல்கள் வந்து தம் ஊர்களை எரித்துவிட்டதை முறையிடுகிறார். எகிப்தின் மூன்றாம் ராம்செஸ், கடல் மக்கள் எனப்படும் கடல்வழிப் படையெடுப்பாளர்களால் அழிந்த நாடுகளின் பட்டியலில் அலாஷியாவையும் சேர்த்தார். ஆனால் அகழாய்வு காட்டும் காட்சி வேறு. சில ஊர்கள் கைவிடப்பட்டன, சில எரிந்தன. எனினும் என்கோமியும் கிட்டியோனும் மீண்டும் கட்டப்பட்டன, கிட்டியோனின் கோயில்கள் முன்னிலும் பெரிதாயின. ஒரே அரண்மனையை நம்பி இராத தீவு, அரண்மனைகள் விழுந்த காலத்திலும் தாக்குப்பிடித்தது. எகிப்தியர் வெனாமுனின் பயணக்கதை, கி.மு. 11ஆம் நூற்றாண்டில் அவர் புயலால் அலாஷியாவில் ஒதுங்கி, ஹத்திபா என்னும் அரசியிடம் அடைக்கலம் கேட்டதைச் சொல்கிறது.

இரும்பு எப்போது வந்தது?

கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளில், இரும்பைக் கருவியாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் சைப்ரஸும் ஒன்று. வெண்கலத் தறையாணிகளால் கைப்பிடி பொருத்திய இரும்புக் கத்திகள் இதன் அடையாளம். அத்தகையவை ஏகன் கரைகளிலும் கிடைக்கின்றன. சில கத்திகளின் விளிம்பில் கரி ஏற்றி எஃகாக்கியிருப்பது ஆய்வில் தெரிந்தது. செம்பை உருக்கும்போது இரும்பைக் கசடாகக் கழித்துப் பழகியவர்களே பின்னர் அதைத் தேடவும் தொடங்கினர் என்ற விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் அது எல்லோராலும் ஏற்கப்படவில்லை.

இவற்றை இன்று எங்கே காணலாம்?

நிக்கோசியாவில் உள்ள சைப்ரஸ் அருங்காட்சியகத்தில் என்கோமியின் இரு வெண்கலத் தெய்வங்களையும், தோல் வடிவப் பாளத்தையும் காணலாம். உலுபுருன், கெலிடோன்யா கப்பல்களின் பொருள்கள் துருக்கியின் போட்ரும் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1896இல் என்கோமியில் அகழ்ந்தவற்றுள் கணிசமான பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1974இல் தீவு பிளவுபட்டதன் பின்னர் என்கோமி வடபகுதியில் அமைந்துவிட்டதால், அங்கே அகழாய்வு நின்றுபோனது. லார்னகா உப்பேரிக் கரையிலுள்ள ஹாலா சுல்தான் டெக்கேயில் 2010இல் ஸ்வீடன் குழுவினர் புதிதாகத் தொடங்கிய அகழாய்வு, நகரத்தின் தெருக்களையும் கல்லறைகளையும் செம்புப் பட்டறைகளையும் வெளிக்கொணர்ந்து வருகிறது.